விண்டர்தூரிலிருந்து ஒரு நாள்: யுங்ஃப்ராவ்யோக்கா, ரைன் அருவியா, ரீகி மலையா?

ஊரிலிருந்து பெற்றோர் வந்து மூன்று மாதம் தங்கும் கோடையில், சுவிட்சர்லாந்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிலும் ஒரே கேள்வி எழுவதைப் பார்த்திருக்கிறேன். வார நாட்களில் நமக்கு அலுவலகம், பிள்ளைகளுக்குப் பள்ளி. வார இறுதிகள் கோயிலுக்கும் நண்பர்கள் வீட்டுக்கும் போய்விட, மழையில்லாத, எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிற, முழுதான ஒரு நாள் அந்த மூன்று மாதத்தில் இரண்டோ மூன்றோதான் வாய்க்கிறது. அந்த நாளில் அவர்களை எங்கே அழைத்துச் செல்வது என்பது சிறிய கேள்வியன்று. எழுபது வயதில் இவ்வளவு தூரம் பறந்து வந்தவர்கள் அடுத்த ஆண்டும் வருவார்கள் என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். உறுதியாகச் சொல்ல நம்மால் இயலாது.

நாங்கள் வசிப்பது விண்டர்தூரில். சூரிச்சுக்கு ரயிலில் இருபத்தைந்து நிமிடம். நாட்டின் வடகிழக்கில் இருப்பவர்கள் ஒரு நாள் பயணம் என்று பேசத் தொடங்கினால் பெரும்பாலும் மூன்று பெயர்களில் வந்து நிற்பார்கள்: பனிமலையின் நடுவே 3,454 மீட்டர் உயரத்தில் ரயில் நிலையம் கொண்ட யுங்ஃப்ராவ்யோக், ஷாஃப்ஹவுசன் அருகிலுள்ள ரைன் அருவி, லூசர்ன் ஏரிக்கரையிலிருந்து எழும் ரீகி மலை. மூன்றுக்கும் வெவ்வேறு ஆண்டுகளில் போய்வந்திருக்கிறேன். பெற்றோருடன் செல்ல எது ஏற்றது என்று பார்க்கும்போது அழகை வைத்து மட்டும் ஒப்பிட முடியாது என்பதை அந்தப் பயணங்களில்தான் உணர்ந்தேன்.

எங்கள் வீட்டுக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு அறுபத்தாறு வயது. இரண்டு முழங்காலிலும் வலி, காலையில் பிரஷர் மாத்திரை. மேட்டுப்பாளையத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அப்பாவுக்கு எழுபத்தொன்று. நன்றாக நடப்பார், ஆனால் படியேறினால் மூச்சு வாங்கும். மூத்தவளுக்குப் பத்து வயது. இளையவனுக்கு மூன்றரை, மதியம் ஒரு மணிக்குமேல் தள்ளுவண்டி இல்லாமல் ஓரடி நகரமாட்டான். இந்த ஆறு பேரில் யாருக்குக் கால் மிகவும் வலிக்குமோ, யாருக்குப் பசியும் தூக்கமும் முதலில் வருமோ, அவரை வைத்துத்தான் அன்றைய நாளை அளக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த அளவுகோல் கையில் இருந்தால் மூன்று பெயர்களும் வேறு வரிசையில் நிற்கத் தொடங்குகின்றன.

எல்லோர் நாவிலும் முதலில் வரும் யுங்ஃப்ராவ்யோக்கிலிருந்தே தொடங்குகிறேன். அதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அடோல்ஃப் குயர்-செல்லர் என்ற சூரிச் வட்டாரத் தொழிலதிபர் 1893-இல் மனத்தில் வரைந்த திட்டம் அது. 1896-இல் வேலை தொடங்கியது, 1899-இல் அவர் இறந்துபோனார், அதன்பின்னும் ஐகர், மோங்க் ஆகிய இரண்டு மலைகளின் வயிற்றைக் குடைந்துகொண்டே போய் 1912 ஆகஸ்ட் 1 அன்று பாதையைத் திறந்தார்கள். ஒன்பது கிலோமீட்டர் பாதையில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம். ஐரோப்பாவின் மிக உயரமான ரயில் நிலையத்தில் இறங்கி, லிஃப்டில் ஸ்ஃபிங்ஸ் மாடத்துக்கு ஏறினால், இருபது கிலோமீட்டருக்கு மேல் நீளும் அலெட்ச் பனியாறு ஒரு பெரிய நெடுஞ்சாலைபோல வளைந்து இறங்குவதைக் காணலாம். ஆல்ப்ஸ் மலைகளிலேயே நீளமான அந்தப் பனியாறு ஆண்டுதோறும் சுருங்கிவருகிறது. அதனாலேயே நம் பிள்ளைகள் அதை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆனால் விண்டர்தூரிலிருந்து கணக்கிட்டுப் பாருங்கள். சூரிச் வரை ஒரு ரயில், அங்கிருந்து பேர்ன் ஒரு மணி நேரம், பேர்னிலிருந்து இன்டர்லாக்கன் இன்னொரு மணி நேரம், பிறகு கிரிண்டெல்வால்ட் முனையத்துக்கு அரை மணி, அங்கிருந்து 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் காரில் கால் மணி, கடைசியாகச் சுரங்க ரயிலில் ஏறத்தாழ அரை மணி. இடையில் காத்திருப்பதையும் சேர்த்தால் போக நான்கு மணி, வர நான்கு மணி. மேலே அதிகம் போனால் மூன்று மணி நேரம் நிற்போம். முழங்கால் வலியுள்ள ஒருவர் அன்று பத்து முறை வண்டி மாறுவார். ஒவ்வொரு மாற்றத்திலும் நடைமேடைப் படியோ சரிவோ இருக்கும், பின்னால் வருபவர்களின் அவசரமும் இருக்கும்.

உயரத்தையும் நம் ஊர் அளவில் நினைத்துப் பார்க்க வேண்டும். தொட்டபெட்டா 2,637 மீட்டர். யுங்ஃப்ராவ்யோக் அதற்கு மேல் இன்னும் 800 மீட்டர். ஊட்டிக்குப் போகிறவர் மலைப்பாதையில் சில மணி நேரம் வளைந்து வளைந்து ஏறுகிறார். உடம்புக்குப் பழகிக்கொள்ளக் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. இங்கேயோ ஆயிரம் மீட்டருக்கும் குறைவான கிரிண்டெல்வால்ட் முனையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் உச்சியில் நிற்கிறோம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். இதயமோ நுரையீரலோ பலவீனமாக உள்ளவர்களும் பிரஷர் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டே போக வேண்டும். கைக்குழந்தைகளை அழைத்துச் செல்லாமல் இருப்பதே நல்லது. நாங்கள் போனபோது மூத்தவளுக்கு ஆறு வயது. பனியாற்றுக்குள் குடைந்த பனி அரண்மனையின் வாசலில் சுவரை ஒட்டிய கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, ஒன்றும் கேட்கவில்லை, தலை வலிக்கிறது என்று மட்டும் மெல்லச் சொன்னாள், உதடு வெளுத்திருந்தது. வெளியே மேகம் இறங்கி வெள்ளைத் திரையாக நின்றது. அடுத்த ரயிலிலேயே கீழே இறங்கினோம். கிரிண்டெல்வால்டுக்கு வந்து ஒரு ரொட்டியைத் தின்றதும் அவள் பழையபடி ஓடத் தொடங்கிவிட்டாள். ஆனாலும் அந்த முகத்தை என் அம்மாவிடத்தில் காண நான் தயாராக இல்லை.

பணமும் பெரிய செய்திதான். கோடையில் இன்டர்லாக்கனிலிருந்து மேலே போய்வர முழுக் கட்டணம் ஆளுக்கு 200 பிராங்கைத் தாண்டும். அரைக்கட்டண அட்டை இருந்தால் பாதி. விண்டர்தூரிலிருந்து இன்டர்லாக்கன் வரையுள்ள செலவைச் சேர்க்காமலே, அட்டை உள்ள இருவர், இல்லாத இருவர் கொண்ட எங்கள் வீட்டுக்கு அறுநூறு பிராங்குக்குமேல் எளிதில் போய்விடும். அதை ரூபாயாக்கிப் பார்க்கும் அப்பா அன்று முழுக்க வாய் திறக்கமாட்டார். பெற்றோர் ஐம்பதுகளில் இருந்து, நோய் நொடி இல்லாமல், இன்டர்லாக்கனிலோ கிரிண்டெல்வால்டிலோ ஓர் இரவு தங்க முடிந்தால் யுங்ஃப்ராவ்யோக்குக்குத் தாராளமாகப் போகலாம். அப்போது அது ஒரு நாள் பயணமாக இராது, இரண்டு நாள் பயணமாகிவிடும். அவ்வாறு போவதுதான் அந்த மலைக்கும் முறை.

பிலாத்துஸ், டிட்லிஸ் என்று இன்னும் இரண்டு பெயர்களைச் சொல்பவர்கள் உண்டு. பிலாத்துஸின் பற்சக்கர ரயில் 48 விழுக்காட்டுச் சரிவில் ஏறும், உலகிலேயே செங்குத்தானது, 1889 முதல் ஓடுகிறது. ஆனால் பனிக்காலத்தில் ஓடாது. டிட்லிஸில் சுழலும் கேபிள் காரும் பனியும் உண்டு. அதன் மேல் நிலையமும் 3,000 மீட்டரைத் தாண்டிவிடுவதால் அம்மாவின் பிரஷர் கணக்கு அங்கேயும் வந்துவிடுகிறது. இரண்டிலும் மலையேறும் கடைசிப் பகுதிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். ஆகவே இவற்றை இத்துடன் விடுகிறேன்.

ரைன் அருவி இதற்கு நேர் எதிரானது. விண்டர்தூரிலிருந்து நேரடி எஸ்-பான் ரயிலில் அரை மணி நேரத்துக்குள் லாவ்ஃபன் கோட்டையின் கீழேயே இறங்கிவிடலாம். 150 மீட்டர் அகலம், 23 மீட்டர் உயரம். உயரத்தைக் கேட்டால் சிறியதாகத் தோன்றும்; நீரின் அளவுதான் இங்கே பெரிது. கோடையில் சராசரியாக நொடிக்கு 600 கன மீட்டர், அதாவது ஆறு லட்சம் லிட்டர் நீர் விழுகிறது. குளிர்காலத்தில் அது 250 கன மீட்டர் அளவுக்கு இறங்கும். ஆல்ப்ஸ் பனி உருகி ஆற்றில் சேரும் ஜூன், ஜூலை மாதங்களில் அருவி நிறைந்திருக்கும். நம் பெற்றோர் வருவதும் அந்த மாதங்களில்தான். மேலே போடன்சே என்னும் பெரிய ஏரி நீரைத் தாங்கிவைத்து விடுவதால், சீசன் முடிந்தால் பாறை மட்டும் தெரியும் குற்றாலத்தின் நிலை இதற்கு வருவதில்லை.

கோட்டைப் பக்கத்திலிருந்து இறங்கினால் அருவியைத் தொட்டுவிடும் தூரத்திலுள்ள மேடைக்குப் போகலாம். காலடியில் பலகை அதிர்வதையும் முகத்தில் சாரல் தெறிப்பதையும் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். ஆனால் அந்தக் கடைசி இறக்கத்தில் படிகள் உண்டு, நனைந்தும் இருக்கும். முழங்கால் வலியுள்ளவர்களுக்கு எதிர்க்கரையே நல்லது. ஷாஃப்ஹவுசனில் வண்டி மாறி நொய்ஹவுசன் ரைன்ஃபால் நிலையத்தில் இறங்கினால், லிஃப்டில் கீழே வந்து, சமதளமான கரையோரம் நடந்து, மரநிழலில் ஒரு பெஞ்சைப் பிடித்து அருவி முழுவதையும் நேர் எதிரே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நடுவே நிற்கும் பாறை வரை படகில் போய் அதன்மேல் ஏறுவதும் உண்டு. ஏறும் படிகள் குறுகியவை, பிள்ளைகளும் இளையவர்களும் ஏறலாம். அப்பா அந்தப் படகுகளைப் பார்த்து ஒகேனக்கல் பரிசலை நினைத்துக்கொண்டார். அருவி என்றால் குளித்துவிட்டு வர வேண்டாமா என்ற கேள்வி அவருக்குக் கடைசிவரை தீரவில்லை.

இந்த இடத்தின் குறையும் அருகிலேயே இருக்கிறது. நன்றாகப் பார்க்க இரண்டு மணி நேரம் போதும். மீதி நாளுக்கு ஷாஃப்ஹவுசன் பழைய நகரத்தில் நடக்கலாம், ஓவியம் தீட்டிய வீடுகளுள்ள ஸ்டைன் ஆம் ரைனுக்குப் போகலாம். அழகானவைதான், ஆனால் சுவிட்சர்லாந்து என்ற பெயரைக் கேட்டவுடன் நம் பெற்றோர் மனத்தில் எழும் படம் மலையும் பனியும். பெற்றோர் வந்த முதல் வாரத்தில், உறக்கநேரம் இன்னும் சரியாகாமல் இருக்கும்போது, அரை நாள் பயணமாக ரைன் அருவிக்குப் போய்வருவது மிகப் பொருத்தம். மேகம் மூடிய நாளிலும் தூறல் நாளிலும்கூட அருவி நம்மை ஏமாற்றுவதில்லை. மலைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. மூன்று மாதத்தில் வாய்க்கும் அந்த ஒரு முழு வெயில் நாளை மட்டும் இதற்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அந்த நாளை நான் ரீகிக்குக் கொடுக்கச் சொல்வேன். உயரம் 1,798 மீட்டர். குன்னூரின் உயரம் ஏறத்தாழ அதுதான். குன்னூரில் மூச்சு விட முடிந்தவர் இங்கேயும் விடலாம். அம்மாவைப் பற்றிய என் கவலையில் பாதி அந்த ஓர் எண்ணிலேயே தீர்ந்துவிட்டது. உயரம் குறைவு என்பதால் காட்சி குறைவதில்லை. ரீகி, சுற்றிலும் ஏரிகள் சூழத் தனித்து நிற்கும் மலை. உச்சியிலிருந்து தெற்கே பனிபடர்ந்த ஆல்ப்ஸ் வரிசை முழுவதும் தெரிகிறது, வடக்கே சமவெளியும். பனிமலையின் மேல் நிற்பவருக்கு அந்த மலை முழுதாகத் தெரியாது. எதிரே தள்ளி நிற்பவருக்குத்தான் வரிசை முழுதாகத் தெரியும். காலில் பனியை மிதிக்க வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்கு மட்டும் கோடை ரீகி ஒரு குறையே.

போகும் வழிதான் இந்தப் பயணத்தின் பெரும் பகுதி. சூரிச்சிலிருந்து லூசர்னுக்கு ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே படகுத்துறை. அங்கிருந்து விட்ஸ்னாவ் வரை ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஏரியில். சிறுவன் ஓடலாம், அம்மா கால் நீட்டி உட்காரலாம், யாரும் யாரையும் அவசரப்படுத்த வேண்டியதில்லை. அந்த ஏரியில் இன்றும் ஐந்து துடுப்புச்சக்கர நீராவிக் கப்பல்கள் ஓடுகின்றன. கால அட்டவணையில் நீராவிக் கப்பல் என்று குறித்திருக்கும் நேரத்தைப் பார்த்துப் போனால், கப்பலின் நடுவே எஞ்சினைக் கண்ணாலேயே காணலாம்: ஆள் உயரத்துக்கு மேலான எஃகுத் தண்டுகள் எண்ணெய் மினுமினுப்புடன் முன்னும் பின்னும் போய்வருவதையும், சூடான எண்ணெயின் வாசம் மேலே எழுவதையும் அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்த நேரத்தில் ஏரியையே பார்க்க மறந்துவிட்டார். அவற்றுள் 1901-இல் செய்த ஊரி, 1906-இல் செய்த ஷில்லர் இரண்டும் எங்கள் விண்டர்தூரின் சுல்சர் தொழிற்சாலையில் பிறந்தவை.

விட்ஸ்னாவில் படகிலிருந்து இறங்கி ஐம்பதடி நடந்தால் சிவப்பு நிறப் பற்சக்கர ரயில் காத்திருக்கும். 1871 மே 21 அன்று ஓடத் தொடங்கிய இதுதான் ஐரோப்பாவின் முதல் மலை ரயில். இதை அமைத்த நிக்லாவுஸ் ரிக்கன்பாக்கின் பிறந்தநாளும் அதே மே 21. முதலில் மாநில எல்லையிலுள்ள ஸ்டாஃபெல்ஹோஹே வரைதான் பாதை இருந்தது. 1873-இல் உச்சிக்கு நீண்டது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஏணியைப் படுக்கவைத்ததுபோல ஒரு பல்தண்டவாளம் கிடக்க, வண்டியின் அடியிலுள்ள பற்சக்கரம் அந்த ஏணியின் படிகளைப் பிடித்துப் பிடித்து ஏறுகிறது.

இந்த இடத்தில் கொங்கு நாட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல ஆசைப்படுகிறேன். ரிக்கன்பாக்கிடம் வேலை பார்த்த ரோமன் ஆப்ட் என்ற பொறியாளர் பின்னாளில் தனியாக உருவாக்கிய பல்தண்டவாள முறையில்தான், கல்லாறு முதல் குன்னூர் வரை நம் நீலகிரி மலை ரயில் ஏறுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இல் அந்தப் பாதை திறந்தது. 1914 தொடங்கி 1952 வரை அந்தப் பாதைக்கு வந்து சேர்ந்த எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் விண்டர்தூரிலிருந்த சுவிஸ் லோகோமோட்டிவ் தொழிற்சாலையில் செய்தவை. பிறகுதான் திருச்சி பொன்மலைப் பணிமனை புதியவற்றைச் செய்யத் தொடங்கியது. அதே விண்டர்தூர் தொழிற்சாலை 1873-இல் செய்த முதல் எஞ்சின் எது தெரியுமா? இந்த ரீகி பாதைக்கான, கொதிகலன் செங்குத்தாக நிற்கும் ஏழாம் எண் எஞ்சின். இன்று அது லூசர்னிலுள்ள போக்குவரத்து அருங்காட்சியகத்தின் சொத்து. காலை 7.10 மணிக்கு மேட்டுப்பாளையத்தில் புறப்படும் மலை ரயிலின் ஊதல் கேட்டுப் பள்ளிக்குக் கிளம்பிய ஒருவர், அந்த எஞ்சின் பிறந்த ஊரில் மகள் வீட்டில் தங்கி, அதன் மூத்த உறவு ஓடிய பாதையில் ஏறுகிறார். இப்போது ஓடுவது மின்சார வண்டிதான். ஆனாலும் அப்பா குனிந்து நடுத்தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு, "கண்ணு, இது நம்மூருது மாதிரி இல்ல. நம்மூருல ரெண்டு பட்டை, பல்லு மாத்தி மாத்தி வரும். இது ஒத்த ஏணி" என்றார். அதைத் தம் பேத்திக்குக் கைவிரல்களைக் கோத்துக் காட்டி விளக்கிக்கொண்டே உச்சி வரை வந்தார்.

உச்சி நிலையத்திலிருந்து முகடு பத்து நிமிட ஏற்றம். அம்மா ஏறவில்லை, நிலையத்தருகிலேயே காட்சி போதுமானதாக இருந்தது. இறங்கும்போது ரீகி கால்ட்பாட்டில் ஒரு மணி நேரம் நின்றோம். மோட்டார் வண்டிகள் இல்லாத ஊர் அது. அங்கிருந்து ரீகி ஃபர்ஸ்ட் நோக்கிப் போகும் பாதை, 1931-இல் நின்றுபோன ஒரு பழைய ரயில் தடத்தின் மேல் அமைந்தது. ரயில் ஓடிய தடம் என்பதால் மேடுபள்ளம் இல்லை. தள்ளுவண்டி உருள்கிறது, முழங்கால் வலியுள்ளவரும் நடக்கிறார். கால்மணி நடந்ததும் அம்மா ஒரு பெஞ்சைக் காட்டி, "ஏனுங்க, இங்கயே உக்காந்துக்கலாமுங்க" என்றார். தூக்குப்போசியைத் திறந்து புளிசோற்றை எடுத்தோம். மாடுகளின் கழுத்துமணி சரிவில் எங்கோ கேட்டுக்கொண்டிருந்தது. சின்னவன் தள்ளுவண்டியிலேயே தூங்கிப்போனான். அமுச்சி (என் அம்மா) மடியில் தலைவைத்துப் படுத்த மூத்தவள் கீழே தெரிந்த ஏரியில் படகுகளை எண்ணினாள். அவ்வளவு நேரம் ஆறு பேரும் ஒரே இடத்தில் ஒன்றும் செய்யாமல் இருந்தது அந்தக் கோடையில் அதுதான் முதல் முறை.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் பத்து மணிக்குமேல் சிவப்பு ரயிலில் நெரிசல் மிகுதி. தள்ளுவண்டியோடு நின்றுகொண்டே போக நேரலாம். படகு வழியாகப் போனால் விண்டர்தூரிலிருந்து உச்சிக்கு மூன்று மணி நேரத்துக்குமேல் ஆகும். நேரம் குறைவாக இருப்பவர்கள் சூரிச்சிலிருந்து ஆர்ட்-கோல்டாவ் வந்து, நீலநிற ரயிலில் முக்கால் மணியில் ஏறிவிடலாம். காலையில் உடம்பு தெம்பாக இருக்கும்போது படகு, மாலையில் எல்லோரும் களைத்தபின் கோல்டாவ் வழியாக விரைவாக வீடு என்பதே எங்களுக்குச் சரியாக வந்தது. கோடை மதியத்துக்குப்பின் இடிமழை வரும் வாய்ப்பு உண்டு. பதினொரு மணிக்குள் உச்சியில் இருப்பது நல்லது. இலையுதிர் காலத்தில் சமவெளி முழுக்க மூடுபனியில் மூழ்கியிருக்கும் நாட்களில் ரீகி அதற்கு மேலே வெயிலில் நிற்பதும், கீழே வெண்கடல் விரிந்திருப்பதும் தனிக் காட்சி. பெற்றோர் அக்டோபர் வரை தங்கினால் அதையும் எண்ணிப் பார்க்கலாம்.

இனி, முடிவைத் தீர்மானிக்கும் பயணச்சீட்டு. நகராட்சிகள் வழியாக விற்கும் சலுகை நாள் சீட்டு, பத்து நாள் முன்னதாக வாங்கினால் இரண்டாம் வகுப்பில் அரைக்கட்டண அட்டை உள்ளவருக்கு 39 பிராங்க், இல்லாதவருக்கு 52 பிராங்க். அதன்பின் 59, 88 என ஏறிவிடும். எண்ணிக்கையும் குறைவுதான், கோடைச் சனிக்கிழமைகளுக்கு விரைவில் தீர்ந்துபோகும். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குச் சீட்டு வேண்டாம். பதினாறு வயது வரை, ஆண்டுக்கு 30 பிராங்க் ஜூனியர் அட்டை எடுத்துவிட்டால் பெற்றோருடன் இலவசம். இந்த நாள் சீட்டு நாட்டின் ரயில்களில் மட்டுமல்லாமல் லூசர்ன் ஏரிப் படகிலும் ரீகியின் இரண்டு ரயில்களிலும் செல்லும். பெரியவர்கள் நால்வருக்கும் சேர்த்து 182 பிராங்கில் வீட்டு வாசலிலிருந்து மலையுச்சி வரை எல்லாம் அடங்கிவிட்டது. யுங்ஃப்ராவ்யோக்குக்கு இதே சீட்டு கிரிண்டெல்வால்ட் வரைதான். அதற்குமேல் தள்ளுபடியோடு தனிச்சீட்டு. ரைன் அருவிக்கோ நாள் சீட்டே தேவையில்லை, சாதாரணச் சீட்டு போதும். அந்தச் செலவு ரீகியில் பாதிகூட ஆகாது.

பத்து நாள் முன்னால் சீட்டு வாங்கினால் அன்று மழை பெய்யாதா என்று பலர் தயங்குகிறார்கள். நியாயமான தயக்கம்தான். ஆனால் அந்தச் சீட்டில் தேதி மட்டுமே உறுதி, மலையின் பெயர் எழுதியிருப்பதில்லை. காலை ஆறு மணிக்கு ரீகி உச்சியின் நேரலைக் கேமராவைத் திறந்து பார்ப்போம். ஏரி தெரிந்தால் ரீகி. மேகம் மூடியிருந்தால் அதே சீட்டில் லூசர்ன் வரை போய், 1993-இல் தீப்பற்றி எரிந்து மறு ஆண்டே மீண்டெழுந்த மரப்பாலத்தில் மெல்ல நடந்துவிட்டு, போக்குவரத்து அருங்காட்சியகத்தில் மழை தெரியாமல் நாளைக் கழிக்கலாம். அல்லது அதே சீட்டில் ஷாஃப்ஹவுசன் போய் அருவியைப் பார்க்கலாம். யுங்ஃப்ராவ்யோக் சீட்டை மட்டும் முன்கூட்டியே வாங்காதீர்கள். முந்திய நாள் மாலை வானிலை அறிக்கையைப் பார்த்து, மேலே தெளிவாக இருக்கும் என்று தெரிந்தபின் வாங்குங்கள்.

இந்த ஜூலையில் அம்மாவும் அப்பாவும் மறுபடி வருகிறார்கள். வந்த நான்காம் நாள் நொய்ஹவுசன் கரைக்கு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும்படி. இரண்டாம் வாரச் சனிக்கிழமை ரீகிக்கு; நாள் சீட்டுகள் நான்கும் வாங்கியாயிற்று. மூத்தவள் இப்போது யுங்ஃப்ராவ்யோக்குக்கு மீண்டும் போக வேண்டும் என்கிறாள். அவளும் அவள் அப்பாவும் மட்டும் ஆகஸ்டில் கிரிண்டெல்வால்டில் ஓர் இரவு தங்கிப் போய்வருவார்கள். நாங்கள் விட்ஸ்னாவில் ஏறும்போது இடப்பக்க இருக்கையில் அம்மாவை உட்காரவைக்க வேண்டும். ஏரி அந்தப் பக்கம்தான் தெரியும்.